தம்பி மாத்திரை போடுகிறானா? மனச்சிதைவு உள்ள வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

எட்டு மாதம் நான் என் தம்பியின் மாத்திரையைப் பொடி செய்து பருப்பில் கலந்து கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரியும், பெரியம்மாவுக்குத் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தவன் குழவியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்துவிட்டான். சத்தம் போடவில்லை. "சாப்பாட்டுல ஏதோ கலக்குறாங்கன்னு நான் சொன்னப்போ, இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணியே அக்கா" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவன் எங்கள் வீட்டுச் சமையலைத் தொடவில்லை. தெருமுனையில் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வான்.

அது நடந்து பல வருடம் ஆகிவிட்டது. இன்று அவன் தன் மாத்திரையைத் தானே எடுத்துப் போடுகிறான், மாமாவின் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறான். இடையில் இரண்டு முறை நோய் திரும்பி வந்தது. எங்கே தவறினோம், பிறகு எதை மாற்றியதால் வண்டி ஓடுகிறது என்பதை பர்மாவில் ரங்கூனிலும் பாகோவிலும் தட்டோனிலும் மோல்மேன் பக்கத்திலும் இருக்கும் நம் வீடுகளுக்காக எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அறைக்குள் என்ன பேசுவது, வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் படி: மருந்து எப்படி வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்

உலகத்தில் 2 கோடிக்கும் அதிகமானோருக்கு, அதாவது ஏறக்குறைய 300 முதல் 350 பேரில் ஒருவருக்கு, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையை நினைத்துப் பாருங்கள். அதில் இந்த நோய் உள்ள வீடு நம் வீடு மட்டும் இல்லை.

இந்த நோய்க்கு முதல் மருந்தான குளோர்புரோமசின் 1952இல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் பல இடங்களில் அது புழக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், குளோசபின் என்று பல வந்தன. எல்லாமே மூளையில் டோபமைன் என்ற பொருளின் வேலையை ஏதோ ஒரு விதத்தில் மட்டுப்படுத்துகின்றன. தூக்கம் வருவது மருந்தின் ஒரு பக்கம்தான். அதை "தூக்க மாத்திரை" என்று வீட்டில் அழைக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நன்றாகத் தூங்க ஆரம்பித்ததும், "இப்பதான் தூங்குறேனே, எதுக்கு?" என்று அவன் நிறுத்தினான். எங்கள் சொல்லைத்தான் எங்களிடம் திருப்பிச் சொன்னான்.

பதற்றமும் தூக்கமின்மையும் சில நாளில் குறையும். குரல் கேட்பதும் சந்தேகமும் அடங்க வாரக்கணக்கில் ஆகும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மருந்தை நிறுத்திய மறுநாளே எதுவும் நடந்துவிடாது. சொல்லப்போனால் நிறுத்திய முதல் சில வாரம் பலருக்கு உடம்பு லேசாக, தெளிவாக இருக்கும். தூக்கக் கலக்கம் போய்விடும், முகத்தில் களை வரும். வீட்டில் எல்லோரும், "பார்த்தியா, மருந்துதான் இவனை இப்படி வச்சிருந்துச்சு" என்பார்கள். நோய் சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் திரும்பும். அப்போது யாரும் அதை நிறுத்திய மருந்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வீடு மாறியது, யாரோ கண் வைத்தது என்று வேறு காரணம் தேடுவோம்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் வெளிவந்த ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. நோய் அடங்கிய பிறகு மருந்தைத் தொடர்ந்தவர்களில் 100க்கு 27 பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தி வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 100க்கு 64 பேருக்குத் திரும்பியது. இரண்டு எண்ணையும் பாருங்கள். மருந்து முழுக் காவல் தராது. ஒழுங்காகப் போட்டும் சிலருக்கு வரத்தான் செய்யும், அதற்காக அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் வித்தியாசம் சின்னது இல்லை.

இரண்டாம் படி: ஏன் போடவில்லை என்று கண்டுபிடியுங்கள்

"மாத்திரை போட மாட்டேங்கிறான்" என்பது ஒரே பிரச்சினை மாதிரித் தெரியும். உள்ளே ஏழெட்டுப் பிரச்சினை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. காரணம் தெரியாமல் கெஞ்சுவதும் மிரட்டுவதும் வீண்.

தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவது முதல் காரணம். இது பிடிவாதம் கிடையாது, நோயின் ஒரு பகுதி. அவருக்குக் கேட்கும் குரல், நமக்குத் தெருவில் கேட்கும் சைக்கிள் மணி அளவுக்கு நிஜம். "உனக்கு வியாதி, ஒத்துக்கோ" என்று வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. இப்படிப்பட்டவரிடம் நோயை விட்டுவிட்டு அவருக்கே தொல்லையாக இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள்: தூக்கம் வரவில்லை, கடையில் வேலையில் மனம் நிற்கவில்லை, யாரிடமும் நிம்மதியாகப் பேச முடியவில்லை. அதற்காக மருத்துவரைப் பார்க்கலாம் என்றால் பலர் வருவார்கள். என் தம்பி, "பைத்தியத்துக்கு மருந்து" என்று சொன்ன வரைக்கும் வரவில்லை. "ராத்திரி தூங்கணும்டா, வா" என்றபோது வந்தான்.

இரண்டாவது, பக்க விளைவு. இதற்குத் தனியாகவே ஒரு படி வைத்திருக்கிறேன். மூன்றாவது, குணமாகிவிட்டோம் என்ற நினைப்பு. காய்ச்சல் மாத்திரை மாதிரித்தானே இதையும் பார்க்கிறோம். நான்காவது பணம். மருந்து விலை ஏறும்போது, வீட்டுக்குப் பாரமாக இருக்கிறோமே என்று அவரே ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார், சொல்ல மாட்டார். சிலருக்குக் குரலே "போடாதே" என்று சொல்லும். சிலருக்கு வெறும் மறதிதான்.

வெட்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில். கல்யாணம் பேசும்போது நோயை மறைக்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் தெரிந்துவிடும் என்று தாலி ஏறிய மறுநாளே மாத்திரை நிற்கிறது. மூன்றாம் மாதம் பெண் திரும்பி வருகிறாள். எனக்குத் தெரிந்தே இரண்டு வீட்டில் இது நடந்தது. கல்யாணமோ பிள்ளைப்பேறோ வருகிறது என்றால் மருந்தைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அதற்குப் பல மாதம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். அந்த வீட்டுக்கும் உண்மையைச் சொல்லிக் கொடுப்பதே பெண்ணுக்குச் செய்யும் நல்லது.

கேட்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. "மாத்திரை போட்டியா?" என்றால் "ம்" என்பார். எங்களுக்கு நல்வழி காட்டிய சயாமா (பெண் மருத்துவரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) வேறு மாதிரி கேட்டார்: "தினமும் மாத்திரை போடுறது யாருக்குமே கஷ்டம். போன வாரம் ஏழு நாள்ல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" தம்பி யோசித்து, "மூணு" என்றான். இரண்டு வருடத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அது. அவர் முகம் சுளிக்கவில்லை, "மூணு நாளும் என்ன ஆச்சு?" என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

மூன்றாம் படி: மருத்துவரிடம் போகும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் இடத்தில் நமக்குக் கிடைப்பது சில நிமிடம். அதனால் ஒரு பக்கம், ஒரே பக்கம், முன்னாடியே எழுதிக்கொண்டு போங்கள். போன முறைக்குப் பிறகு எத்தனை வேளை விட்டுப்போனது. எந்தப் பக்க விளைவு அவரை அதிகம் படுத்துகிறது. தூக்கம் எத்தனை மணி நேரம். வேறு என்ன மருந்து, நாட்டு மருந்து சாப்பிடுகிறார். இன்றைக்குக் கேட்க வேண்டிய இரண்டு கேள்வி. இதில் பாதியாவது அவர் கையெழுத்தில், தமிழிலேயே இருக்கட்டும்.

மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். நம் ஊர்க் கடைகளில் ஒரே மருந்து பல கம்பெனிப் பெயரில் வருகிறது. அட்டை நிறம் மாறியதும் "வேற மருந்து கொடுத்துட்டாங்க" என்று அவர் சந்தேகப்படுவார். சில சமயம் நாமே ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு முறை கொடுத்துவிடுவோம். கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் நோட்டில் எழுதி வையுங்கள். அட்டை இல்லாமல் சின்ன பாலிதீன் பையில் கலந்து கொடுக்கும் மாத்திரையை வாங்காதீர்கள், எது என்ன என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் மருந்து கிடைக்கிறது என்பதற்காக அளவை நாமாகக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது.

நான்காம் படி: அந்த அறைக்குள்

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான்.

தம்பிக்குக் கடைத்தெரு பர்மியம் நன்றாக வரும். பேரம் பேசுவான், கிண்டல் செய்வான். ஆனால் அவன் தலைக்குள் கேட்ட குரல் தமிழில் பேசியது. அதைப் பர்மியத்தில் சொல்ல அவனிடம் சொல் இல்லை. அதனால் நான் பேசினேன். மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்பார், நான் பதில் சொல்வேன், தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருமுறை அவன் என்னிடம், "கால் நிக்க மாட்டேங்குதுக்கா, உள்ளுக்குள்ள பரபரன்னு வருது, உட்கார முடியல" என்றான். நான் அதை மருத்துவரிடம், "ராத்திரியெல்லாம் கோபமாக நடந்துகொண்டே இருக்கிறான்" என்று மாற்றிச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அதுதான். நோய் கூடிவிட்டது என்று அவர் மருந்தைக் கூட்டினார். உண்மையில் அது மருந்தினாலேயே வரும் பரபரப்பு. அகதீசியா என்பார்கள். அளவைக் கூட்டினால் அதுவும் கூடும். இரண்டு வாரத்தில் தம்பி எல்லா அட்டையையும் சாக்கடையில் போட்டான். முதல் முறை நோய் திரும்பியது அப்படித்தான். அவனை நான் எவ்வளவு திட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

எனவே மொழிபெயர்ப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு: அவர் சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்கள். "கால் நிக்க மாட்டேங்குது" என்றால் கால் நிற்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். குரல் கெட்ட வார்த்தை சொல்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள், வெட்கப்பட்டு "ஏதோ முணுமுணுக்கிறான்" என்று மூடாதீர்கள். "எனக்கு என்ன தோணுதுன்னா" என்று உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுமானால், இது என் கருத்து என்று தனியாகச் சொல்லுங்கள். மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேட்டால், "அவனையே கேளுங்க சயாமா, வார்த்தை வரலன்னா நான் உதவி பண்றேன்" என்று மெதுவாகத் திருப்புங்கள்.

அதோடு, ஒவ்வொரு முறையும் சில நிமிடமாவது அவரை மருத்துவரிடம் தனியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். ஆண்பிள்ளைக்கு இந்த மருந்தால் தாம்பத்திய உணர்வு குறையலாம். அதை அக்கா முன்னாலோ அம்மா முன்னாலோ எந்தத் தமிழ்ப் பிள்ளையும் வாய் திறந்து சொல்ல மாட்டான். சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவான். பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், மார்பில் பால் கசியலாம். ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்தில் இது வருவது உண்டு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சே வராது.

இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: இந்த மருந்து எதற்கு? எத்தனை நாளில் பலன் தெரியும்? எந்தப் பக்க விளைவு வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது? ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு என்ன வழி இருக்கிறது? எவ்வளவு காலம்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும், முதல் முறை என்றால் நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஒன்று இரண்டு வருடம், திரும்பத் திரும்ப வந்திருந்தால் இன்னும் பல வருடம் என்று பதில் வரும்.

நம் ஆட்களுக்கு மருத்துவரிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் உண்டு. மருத்துவரை அழைக்கும் சயா என்ற பர்மியச் சொல்லே ஆசிரியருக்கும் சேர்த்து வழங்குவது. தலையாட்டிவிட்டு வெளியே வந்து மாத்திரையைத் தூக்கிப்போடுவதைவிட, உள்ளேயே "இது எனக்கு ஒத்துக்கலை" என்று சொல்வதுதான் உண்மையான மரியாதை. எல்லா மருத்துவரும் அதை நல்லபடியாக எடுத்துக்கொள்வதில்லை. தம்பி அப்படிச் சொன்னதற்கு, "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று ஒருவர் கேட்டார். வேறு மருத்துவரைத் தேடினோம். முடிந்தவர்கள் அப்படிச் செய்யுங்கள். ஆனால் மாதம் ஒருவரிடம் மாறாதீர்கள். ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்த்தால்தான் அவருக்கு உங்கள் பிள்ளையின் நல்ல நாள் எது, கெட்ட நாள் எது என்று தெரியும்.

ஐந்தாம் படி: பக்க விளைவுக்குப் பெயர் வைத்துப் பேசுங்கள்

அகதீசியாவைச் சொல்லிவிட்டேன். அதற்கு மருந்தளவைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாற்றுவது, ப்ரோப்ரனோலால் போன்ற ஒன்றைச் சேர்ப்பது என்று வழி இருக்கிறது. பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், மனிதரை உயிரை வெறுக்க வைக்கும் அவஸ்தை அது.

மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய சில மணி நேரத்தில், சில நாளில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு தடிக்கும். பார்த்தால் பேய் பிடித்த மாதிரியே இருக்கும். பயந்து போய் விபூதி போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓர் ஊசியில் சரியாகும். கை நடுக்கம், விறைப்பு, எச்சில் வழிதல் எல்லாம் மெதுவாக வருபவை. அதற்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் கொடுப்பார்கள். அது வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், மறதியைக் கூட்டும். அது தொடர்ந்து தேவையா என்று அவ்வப்போது கேளுங்கள்.

கடும் காய்ச்சல், உடம்பு கட்டை மாதிரி விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்து. அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரியானாலும்.

எடை கூடுவது ஓலான்சபினிலும் குளோசபினிலும் அதிகம். பசி அடங்காது. சர்க்கரையும் கொழுப்பும் ஏறலாம். தொடங்கும்போது ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை எடை, இரத்தச் சர்க்கரை, கொழுப்பு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குளோசபின் போடுபவர்களுக்கு வெள்ளணுக்கள் குறையும் ஆபத்து இருப்பதால் பல நாடுகளில் முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே காட்ட வேண்டும், மலச்சிக்கலையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் குளோசபின் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. சின்ன அளவிலிருந்து ஏற்ற வேண்டும், மருத்துவரைக் கேளுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய மூன்று விஷயம். ஒன்று வெயில். பர்மியப் புத்தாண்டான திஞ்சானை ஒட்டிய சித்திரை வெயிலில் இந்த மருந்து போடுபவருக்கு உடம்புச் சூடு வெளியேறுவது குறையும், ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்ந்தால் வியர்வையும் குறையும். குளோர்புரோமசின் போட்டால் தோலும் சீக்கிரம் கருகும். தண்ணீர், நிழல், தலையில் துண்டு.

இரண்டாவது வெற்றிலைபாக்கு. தெருவுக்குத் தெரு குன்யா, அதாவது வெற்றிலைச் சுருள், விற்கும் கடை இருக்கும் ஊர் இது. பாக்கில் இருக்கும் அரிக்கோலின், ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாதிரி மருந்துக்கு நேர் எதிராக வேலை செய்கிறது. நாள் முழுக்கப் பாக்கு மெல்லும் சிலருக்கு விறைப்பு மோசமானதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூன்றாவது சுருட்டு, சிகரெட். புகையில் இருக்கும் பொருள்கள் ஓலான்சபினையும் குளோசபினையும் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடும்படி செய்கின்றன. புகைப்பவருக்கு மருந்து பற்றாமல் போகலாம். அவரே திடீரென்று புகையை விட்டால் இரத்தத்தில் மருந்து ஏறி மயக்கம் தரலாம். புகையை விடுவது நல்லது, விடப்போகும் தேதியை முன்பே சொல்லிவிட்டு விடுங்கள். எத்தனை குன்யா, எத்தனை சுருட்டு என்பதை அந்த ஒரு பக்கத்தில் எழுத மறக்காதீர்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஆறாம் படி: அன்றாடம் எப்படி

சாப்பாட்டில் கலக்காதீர்கள். சாப்பாட்டில் விஷம் என்று நினைக்கும் நோய் இது. நாமே அந்தச் சந்தேகத்தை உண்மையாக்கிவிடுகிறோம். பிறகு அவர் யாரைத்தான் நம்புவார்?

வேளையைக் குறைக்கக் கேளுங்கள். மூன்று வேளை மருந்தைப் பல சமயம் மருத்துவர் ராத்திரி ஒரே வேளையாக்கித் தருவார். அதைத் தினமும் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்: விளக்கு அணைக்கும் முன், பல் விளக்கியதும். தம்பிக்கு ராத்திரி எட்டு மணித் தேநீர். கிழமை போட்ட பெட்டி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஏழு சின்னக் காகிதப் பொட்டலம் போதும். ஞாயிற்றுக்கிழமை அவரே மடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லாதீர்கள்.

ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது. நினைவு வரும்போது அடுத்த வேளைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தால் போடலாம், நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம். உங்கள் மருந்துக்கு எப்படி என்று ஒருமுறை கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தினமும் மாத்திரை என்பதே சண்டையாகிவிட்ட வீட்டில் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். ஃப்ளூஃபெனசின், ஹாலோபெரிடால் இரண்டிலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் எண்ணெய் ஊசி இருக்கிறது. மாதம் ஒருமுறை போடும் பாலிபெரிடோன் விலை அதிகம். ஊசி என்றால் தண்டனை என்று நினைப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை நோய் திரும்பிய பிறகு ஊசிக்கு மாறினோம். அந்த இரண்டு வருடம் வீட்டில் மாத்திரை என்ற சொல்லே எழவில்லை. அக்காவும் தம்பியுமாக மறுபடி பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

கையில் எப்போதும் குறைந்தது இரண்டு வாரத்துக்கு மருந்து அதிகமாக இருக்கட்டும். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பாதை அடைபடுவதும் மருந்து வராமல் போவதும் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கிராமத்தில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மருந்து கிடைக்காவிட்டால் அதற்கு மாற்று எது, எவ்வளவு என்று மருத்துவரிடம் முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வீட்டுப் பேச்சு

லண்டனில் 1950களிலும் 60களிலும் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களில் யாருக்கு நோய் திரும்புகிறது என்று பார்த்தார். ஓயாத குறை, வெறுப்பான பேச்சு, மிதமிஞ்சிய பாசத்தோடு கூடவே ஒட்டிக்கொண்டிருப்பது, இவை இருந்த வீடுகளில் அதிகம் திரும்பியது. கடைசி ஒன்று நம் அம்மாக்களுக்கு. இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும், கதவுக்கு வெளியே காவல் இருப்பதும் அன்புதான். அவருக்கு மூச்சு முட்டுகிறது.

"சோம்பேறி" என்ற சொல்லை விடுங்கள். படுத்தே கிடப்பது, முகத்தில் உணர்ச்சி இல்லாதது, குளிக்காதது எல்லாம் நோயின் இன்னொரு முகம், மருந்துக்கு எளிதில் மசியாத முகம். "இன்னைக்குக் கடை வரைக்கும் வர்றியா, பை தூக்கணும்" என்று சின்ன வேலை கொடுங்கள். செய்தால் நன்றி சொல்லுங்கள், செய்யாவிட்டால் நாளைக்குக் கேளுங்கள்.

எட்டாம் படி: கோயிலும் மருந்தும்

எங்கள் அம்மா பீலிக்கான் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள், மந்திரித்த கயிறு கட்டினாள், பர்மிய மந்திரவாதியிடமும் கூட்டிப்போனாள். ரங்கூனில் முன்பு தடகலேயில் இருந்த மனநோய் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டாலே நடுங்கிய தலைமுறை அவள். மருந்தா சாமியா என்று அவளிடம் சண்டை போட்டதில் நான் இழந்தது ஒரு வருடம். பிறகு மருத்துவர், "கோயிலுக்கும் போங்கள், மாத்திரையும் போடட்டும்" என்றார். அம்மாவே மாத்திரையைச் சாமி படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

விரதம், காவடி, தீமிதி எடுப்பதாக இருந்தால் மாத்திரையை எந்த வேளையில் போடுவது என்று முன்கூட்டிக் கேளுங்கள். பட்டினியும் தூக்கமின்மையும் நோயைக் கிளப்பக்கூடும். பூசாரியிடமும் சொல்லுங்கள், மருந்து சாப்பிட்டால் விரதம் கெடாது என்று அவர் வாயால் ஒருமுறை சொன்னால் அது நம் நூறு பேச்சுக்குச் சமம்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உடன்படாதீர்கள்: கட்டி வைப்பது, அடிப்பது. நம்மில் பலருக்குப் பூர்வீகமான இராமநாதபுரம் சீமையில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர்.

ஒன்பதாம் படி: "நிறுத்தப்போறேன்" என்று அவர் சொன்னால்

சந்தோஷப்படுங்கள், உங்களிடம் சொன்னாரே என்று. சொல்லாமல் நிறுத்துபவர்கள்தான் அதிகம். "கூடவே கூடாது" என்று கத்தினால் அடுத்த முறை சொல்ல மாட்டார். "எது ரொம்பத் தொல்லையா இருக்கு? அதை சயாமாகிட்டக் கேட்போம், அதுவரைக்கும் போடு" என்று தேதி வாங்குங்கள். குறைக்க முடியும் என்று மருத்துவர் முடிவு செய்தால் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைப்பார். ஒரே நாளில் நிறுத்துவதில் ஆபத்து அதிகம்.

நன்றாக இருக்கும் காலத்தில் அவரோடு உட்கார்ந்து, போன முறை நோய் திரும்பும் முன் என்னென்ன மாறியது என்று எழுதுங்கள். ஆளுக்கு ஆள் அது வேறாக இருக்கும். தம்பிக்கு முதலில் தூக்கம் மூன்று மணி நேரமாகும். அடுத்து சன்னலைத் துணியால் மூடுவான். அப்புறம் ரேடியோவை அணைத்துவிடுவான், அது தன்னைப் பற்றிப் பேசுகிறது என்பான். இந்த மூன்றில் இரண்டு வந்தால் மறுநாளே மருத்துவரிடம் போவது என்று அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் வண்டியில், யார் கூட வருவது என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. யாரை அழைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறான். பெரியப்பா பெயர் அதில் இருக்கிறது. அதையும் நாங்கள் மதிக்கிறோம்.

போன மாதம் அவன் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து வந்தான். "அளவைக் குறைக்கலாமான்னு கேட்டேன்க்கா. திஞ்சான் வெயில் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்னாங்க. அடுத்தது புதன்கிழமை." தேதியை அவன் ஏற்கெனவே எழுதியிருந்தான்.